முத்தமும் சுண்ணாம்புக்கல்லும்: எழுத்தாளர் கல்லறையைப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் 89ஆம் பிரிவுக்குப் போனால், ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் கல்லறையைச் சுற்றி சுமார் 2 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு நிற்பதைப் பார்க்கலாம். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க உதட்டுத் தடங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு. 2011 வரை இந்தத் தடங்களெல்லாம் கல்லின் மேலேயே இருந்தன.

வைல்ட் 1900 நவம்பர் 30 அன்று பாரிஸ் விடுதி ஒன்றில் 46 வயதில் இறந்தார். முதலில் பாக்னோவில் சாதாரணமாக அடக்கம் செய்தார்கள். நண்பர் ராபர்ட் ராஸ் கடன்களை அடைத்து முடித்த பிறகு, 1909இல் உடல் பெர் லாஷேஸுக்கு மாற்றப்பட்டது. சிற்பி ஜேக்கப் எப்ஸ்டீன் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிடைக்கும் ஹாப்டன் வுட் சுண்ணாம்புக்கல்லில், சுமார் 20 டன் எடையுள்ள ஒரே பாறையிலிருந்து, இறக்கை விரித்துப் பறக்கும் உருவத்தைச் செதுக்கினார். 1912இல் கல் பாரிஸ் வந்தது. உருவத்தின் நிர்வாணம் அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் சில காலம் தார்ப்பாயால் மூடிவைத்தார்கள். 1961இல் யாரோ உருவத்தின் ஆணுறுப்புப் பகுதியை உடைத்துவிட்டார்கள். 1990களின் இறுதியில் முத்தம் தொடங்கியது. கழுவினார்கள், மறுபடி முத்தம், மறுபடி கழுவல். ஒவ்வொரு கழுவலிலும் கல்லின் மேற்பரப்பு கொஞ்சம் திறந்துகொண்டது. திறந்த கல் அடுத்த கறையை இன்னும் ஆழமாகக் குடித்தது, அதை எடுக்க இன்னும் வலுவான முறை தேவைப்பட்டது. கடைசியில் அயர்லாந்து அரசின் செலவில் கல்லைச் சுத்தம் செய்து, 2011 நவம்பர் 30 அன்று கண்ணாடியைத் திறந்துவைத்தார்கள்.

ஒரு எழுத்தாளரின் கல்லறைக்குப் பொறுப்பேற்கும் குடும்பத்தார், அறக்கட்டளை, வாசகர் வட்டம், கல்லறைத் தோட்ட நிர்வாகம் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. கண்ணாடி கடைசி வழி. அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்தால் பெரும்பாலான இடங்களில் கண்ணாடிக்கே தேவை வராது. அன்போடு வருகிறவரைத் தடுக்கவேண்டியதில்லை. அந்த அன்பு கல்லின் மேல் விழாமல் பக்கத்தில் விழும்படி ஏற்பாடு செய்தால் போதும்.

படி 1: கல்லில் கைவைக்கும் முன் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கல்லறையில் நிலம் ஒருவருடையது, கல் இன்னொருவருடையது, சட்டப் பாதுகாப்பு மூன்றாமவருடையது என்று இருக்கும். வைல்ட் கல்லறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் பாரிஸ் மாநகராட்சியின் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. கல்லறை பிரெஞ்சுச் சட்டப்படி வரலாற்றுச் சின்னம். குடும்ப உரிமை வைல்டின் பேரன் மெர்லின் ஹாலண்ட் வழியில் வருகிறது. பணம் தந்தது அயர்லாந்து. இதில் ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் வேலை நடுவில் நின்றுவிடும்.

எனவே முதல் நாள் வேலை ஒரே ஒரு தாள்: யார் நில உரிமையாளர், யார் கல்லின் உரிமையாளர், பாதுகாக்கப்பட்ட சின்னமா, எந்த வேலைக்கு யார் எழுத்தில் அனுமதி தரவேண்டும். துப்புரவுக்கு ஓர் அனுமதி, தடுப்பு வைக்க வேறோர் அனுமதி என்று பிரிந்திருப்பதுதான் வழக்கம். பக்கத்துக் கல்லறைக் குடும்பங்களையும் அந்தத் தாளில் சேருங்கள். புகழ்பெற்றவரைப் பார்க்க வரும் கூட்டம் மிதிப்பது அவர்களுடைய பெற்றோரின் கல்லை. பெர் லாஷேஸின் 6ஆம் பிரிவில் ராக் பாடகர் ஜிம் மாரிசன் கல்லறையைச் சுற்றியிருந்த கல்லறைகள் கிறுக்கல்களால் பட்ட பாடு போதும் இதைப் புரிந்துகொள்ள.

படி 2: என்ன கல் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. நம் ஊர்க் கோயில்களின் கருங்கல் எண்ணெயை மேலே தாங்கிப் பிசுக்காக வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பளிங்கும் வேதியியல்படி சுண்ணாம்புக்கல்லின் குடும்பமே, அமிலம் பட்டால் கரையும். மணற்கல்லில் மணல் துகள்களைப் பிணைக்கும் பசைப்பொருள் எது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். சிலேட் அடுக்கடுக்காக உரியும். ஹாப்டன் வுட் அடர்த்தியான, மெருகு ஏறக்கூடிய சுண்ணாம்புக்கல். போர்வீரர் கல்லறைகளுக்கும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கல்லே முத்தத்துக்குத் தாங்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டு டிஸ்டில்ட் வாட்டர் விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். சொட்டு ஒரு நிமிடத்துக்குள் மறைந்தால் மேற்பரப்பு திறந்திருக்கிறது, எண்ணெயும் அதே வேகத்தில் போகும். 10 நிமிடம் உருண்டையாக நின்றால் ஒன்று கல் அடர்த்தியானது, இல்லையேல் முன்பு யாரோ மெழுகோ சிலிக்கோனோ பூசியிருக்கிறார்கள். இதைத் துல்லியமாக அளக்க கார்ஸ்டன் குழாய் என்ற அளவுக்குறியிட்ட கண்ணாடிக் குழாயை வைத்து, 5, 10, 15 நிமிடங்களில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்பார்கள். குழாயைக் கல்லில் ஒட்டும் களிம்புப் பசையிலும் எண்ணெய் உண்டு, அதன் வட்டத் தடம் கல்லில் நின்றுவிடும். முகப்பில் ஒட்டாதீர்கள். அமிலச் சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைக் கல்லறையின் மேல் ஒருபோதும் செய்யக்கூடாது. உதிர்ந்து கிடக்கும் துகள் இருந்தால் அதில் செய்துகொள்ளலாம்.

படி 3: படம் எடுத்துப் பதிவு செய்யுங்கள்

நான்கு பக்கமும், மேலிருந்தும், அளவுகோலும் நிற அட்டையும் சட்டகத்துக்குள் வரும்படி படம் எடுங்கள். பிறகு இருட்டிய பின் டார்ச்சைக் கல்லின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு சுற்று. பகலில் தெரியாத குழி, கீறல், தேய்ந்த எழுத்து எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். மூன்றாவது சுற்று 365 நானோமீட்டர் யு.வி. டார்ச்சில். லிப்ஸ்டிக் சாயங்கள் சில ஆரஞ்சாக ஒளிரும், எண்ணெய் பரவிய இடம் மங்கலான வெண்ணீலமாகத் தெரியும். "போய்விட்டது" என்று நினைத்த கறை எவ்வளவு அகலத்துக்கு உள்ளே பரவியிருக்கிறது என்பதை இந்த வெளிச்சம்தான் காட்டும்.

கல்லின் கோட்டுப்படம் ஒன்றை வரைந்து 10 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன சேதம் என்று குறியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே லென்ஸில் மறுபடி எடுக்கவேண்டும். முக்காலி நிற்கும் இடத்தைத் தரையில் ஓர் ஆணியால் அடையாளப்படுத்தி வையுங்கள்.

படி 4: வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எண்ணுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். நேராகப் பலகை வைத்துவிடுவார்கள். இரண்டு வாரம், வாரநாள் இரண்டு, வாரஇறுதி இரண்டு, முடிந்தால் ஒரு நினைவு நாள் (வைல்டுக்கு அக்டோபர் 16 பிறந்தநாள், நவம்பர் 30 மறைந்த நாள்) என்று ஒரு மணி நேரத் துண்டுகளாக உட்கார்ந்து எண்ணுங்கள். எத்தனை பேர் தொடுகிறார்கள், எங்கே, எந்த உயரத்தில்? எதை வைக்கிறார்கள்? எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள்? எங்கே நின்று படம் எடுக்கிறார்கள்? ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் செய்கிறாரா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். கல்லில் முத்தத் தடமே இல்லாதபோது முதல் தடத்தை வைக்க மிகச் சிலருக்கே மனம் வரும். இருபது தடம் இருக்கும் கல்லில் இருபத்தொன்றாவதை வைக்க யாரும் யோசிப்பதில்லை. ஆகவே முதல் சில தடங்களை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது ஆயிரம் தடங்களைத் தடுக்கும்.

படி 5: எந்தக் காணிக்கை என்ன கெடுதி செய்கிறது

லிப்ஸ்டிக்கிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான லிப்ஸ்டிக்கின் அடிப்படை நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான்: விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கு எண்ணெய். அதோடு தேன்மெழுகு, கார்னௌபா, கேண்டலில்லா போன்ற மெழுகுகள், இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் கலந்த நிறப்பொடிகள், சில வகைகளில் இயோசின் போன்ற கரையும் சாயங்கள். உதடு கல்லில் பட்டதும் மூன்றும் மூன்று வழியில் போகின்றன. மெழுகும் நிறப்பொடியும் மேலே தங்கும். எண்ணெய் நுண்துளைகளுக்குள் இறங்கும். கரையும் சாயம் எண்ணெயின் முதுகில் ஏறி உள்ளே போகும். நாளாக ஆக எண்ணெய் பழுதாகிக் கொழுப்பு அமிலமாகப் பிரிந்து, கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணச் சோப்பாக மாறுகிறது. அது தண்ணீரில் கரையாது. அதனால்தான் ஒரு வாரக் கறைக்கும் ஒரு வருடக் கறைக்கும் அவ்வளவு வித்தியாசம்.

நாணயம் இரண்டு விதமாகக் கெடுக்கும். வீசினால் குழி விழும், கிடந்தால் கறை படியும். பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினின் பளிங்குக் கல்லறைப் பலகையில் ஆண்டாண்டாகப் பென்னி வீசும் வழக்கத்தால் பரப்பு முழுக்கக் குழி விழுந்தது. பலகையில் விரிசலும் பெரிதாகி, 2016இல் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. செம்பு நாணயம் ஈரத்தில் பச்சைக் கறை விடும், இரும்பு கலந்தது துருக்கறை விடும்.

ஸ்டிக்கரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ராசெஸ்டரில், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோணியின் கல்லறையில், அமெரிக்கத் தேர்தல் நாள்களில் வாக்களித்த பெண்கள் "நான் வாக்களித்தேன்" ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை பளிங்குக்குள் இறங்கியது, கழுவக் கழுவக் கல் நலிந்தது. 2020இல் கல்லுக்குத் தெளிவான பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டு, ஸ்டிக்கரை அதில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டுவதை யாரும் தடுக்கவில்லை, ஒட்டும் இடம் மட்டும் மாறியது. மிகக் குறைந்த செலவில் இப்படிப்பட்ட நல்ல முடிவு அபூர்வம்.

மெழுகுவர்த்தி கல்லைச் சூடாக்கிச் செதில் உரியவைக்கும், மெழுகு துளைக்குள் உருகும், கரி படியும். மதுவை ஊற்றுகிறார்கள். ஒயினின் பிஹெச் 3 முதல் 4 வரை, சுண்ணாம்புக்கல்லை அது நேரடியாகக் கரைக்கும். இனிப்பு மதுவின் சர்க்கரை பூஞ்சைக்கு விருந்து. பூங்கொத்தின் பிளாஸ்டிக் உறை அடியில் ஈரத்தைப் பூட்டிவைக்கும். மாலையின் கட்டுக்கம்பி துருப்பிடித்துக் கல்லில் கோடு போடும். லில்லிப் பூவின் மகரந்தம் துணியில் பட்டாலே போகாது, கல்லில் எப்படிப் போகும்? பேனா, பென்சில், கடிதம், கூழாங்கல், மெட்ரோ டிக்கெட் எல்லாம் கல்லில் ஒட்டாதவரை பெரிய பாதகம் செய்வதில்லை.

கைபட்டுத் தேய்வது வெண்கலத்தில் பளிச்சென்று தெரியும். பெர் லாஷேஸிலேயே பத்திரிகையாளர் விக்டர் நுவாரின் வெண்கலச் சிலையில் முகமும் பாதமும் இடுப்புப் பகுதியும் மட்டும் பொன்போல் மின்னுகின்றன, மற்ற இடமெல்லாம் பச்சை. 2004இல் வேலி போட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். மாற்று இடம் எதுவும் காட்டாமல் திடீரென்று போட்ட வேலி அது.

வாசகர்களின் கோபமும் கல்லில்தான் விழுகிறது. யார்க்ஷயர் ஹெப்டன்ஸ்டாலில் கவிஞர் சில்வியா பிளாத்தின் கல்லில் "ஹியூஸ்" என்ற கணவரின் குடும்பப் பெயரை, கணவர்மேல் கோபம் கொண்டவர்கள் பலமுறை செதுக்கி எடுத்திருக்கிறார்கள். எழுத்துகளை ஒட்டவைத்தோ உலோகத்தில் பதித்தோ செய்த கல்லானால், முழு வாசகத்தின் அச்சுப்பிரதி ஒன்றைத் தயாராக வையுங்கள். இரவோடு இரவாகப் போனதை அதே வடிவில் திரும்ப வைக்க அதுதான் உதவும்.

படி 6: சுத்தம் செய்தல், மென்மையானதிலிருந்து மட்டும்

பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் கல் பாதுகாப்பு வல்லுநர்தான் இதைச் செய்யவேண்டும். அப்போதும் என்ன நடக்கிறது என்று பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தவறான துப்புரவுதான் முத்தத்தைவிட அதிகக் கல்லைத் தின்கிறது.

முதலில் தடைகள். பிளீச்சிங் திரவம் வேண்டாம், அது விட்டுச்செல்லும் உப்பு கல்லுக்குள் படிகமாகிச் செதில் செதிலாக உதிர்க்கும். வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். கம்பித் தூரிகை, பிரஷர் வாஷர், மணல்வீச்சு கூடவே கூடாது. மணல்வீச்சு கல்வெட்டை என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் கண்ணால் கண்டிருக்கிறோம். வெந்நீரும் வேண்டாம். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும், வெந்நீர் ஊற்றினால் மேலே இருந்த மெழுகை நாமே துளைக்குள் அனுப்பிவைக்கிறோம்.

ஒரு மூலையில் 5 செ.மீ. சதுரத்தில் சோதனை செய்து, முழுதாக உலர்ந்த பிறகு, அதாவது குறைந்தது மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈரக் கல் எப்போதும் சுத்தமாகவே தெரியும்.

உலர்ந்த மென்மையான பன்றிமுடித் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். மேலே தடித்திருக்கும் லிப்ஸ்டிக்கை மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ நெம்பி எடுங்கள். தேய்க்கக்கூடாது, தேய்த்தால் பரவும். பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் அயனிச்சார்பற்ற நடுநிலை டிடர்ஜெண்ட்டை 1 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 10 மி.லி., கலந்து கீழிருந்து மேலாக நனைத்துத் துடையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு போடும், அந்தக் கோட்டை எடுப்பது தனி வேலை.

உள்ளே இறங்கிய எண்ணெய்க்குப் பற்றுதான் வழி. உடம்பில் வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதுபோலவேதான். செபியோலைட் களிமண்ணோ காகிதக்கூழோ எடுத்து, ஒயிட் ஸ்பிரிட்டில் (பெயிண்ட்டைக் கரைக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) கெட்டி இட்லி மாவு பதத்துக்குக் குழையுங்கள். அழகுசாதனக் கடையின் முல்தானி மட்டியைப் பயன்படுத்தவேண்டாம், அதிலுள்ள இரும்பு மஞ்சள் கறை விடும். கல்லின் மேல் முதலில் மெல்லிய ஜப்பானியத் தாள், அதன் மேல் 5 முதல் 10 மி.மீ. கனத்துக்குப் பற்று, கறையின் விளிம்பைத் தாண்டி நான்கு விரற்கடை வரை. பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம். பிறகு தாளில் ஊசித் துளைகள் போட்டு மெதுவாக உலரவிடுங்கள். கரைந்த எண்ணெய் ஆவியாதலோடு சேர்ந்து கல்லிலிருந்து பற்றுக்குள் நகர்வது இந்த உலரும் நேரத்தில்தான். அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்தால் கரைந்த எண்ணெய் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். மீதிச் சாயத்துக்கு எத்தனால் கலந்த இரண்டாவது பற்று. அசிட்டோன் மிக வேகமாக ஆவியாகிக் கறையைச் சுற்றி வளையம் விடும், அதைத் தவிர்ப்பது நல்லது.

வெயிலில் இதைச் செய்யாதீர்கள், பற்று உள்ளே வேலை செய்வதற்கு முன் மேலே காய்ந்துவிடும். பாரிஸ் போன்ற குளிர் ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை நனைக்கும் வேலையே கூடாது. துளைக்குள் நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிந்து கல்லைப் பிளக்கும். கரைப்பான்கள் தீப்பிடிக்கும், ஆகவே பக்கத்தில் மெழுகுவர்த்தி இருக்கக்கூடாது. நைட்ரைல் கையுறையும் ஆவி வடிகட்டும் முகமூடியும் கட்டாயம்.

மூன்று பற்றுக்குப் பிறகும் லேசான நிழல் நின்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நிழலைத் துரத்திப் போவதில்தான் கல்லின் தோல் போகிறது. இயோசின் வகைச் சாயம் வெயிலில் காலப்போக்கில் வெளுத்துவிடும். கல் திரும்ப வளராது.

படி 7: அன்புக்கு ஓர் இடம் கொடுங்கள்

பால்டிமோரில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கல்லறைக்குப் பல பத்தாண்டுகள், 2009 வரை, ஜனவரி 19 அதிகாலையில் முகம் மறைத்த ஒருவர் வந்து மூன்று ரோஜாக்களும் பாதி தீர்ந்த கோனியாக் புட்டியும் வைத்துவிட்டுப் போனார். கல்லில் ஒரு தடமும் இல்லை. எத்தனையோ காணிக்கைகளில் இதைப்போல் பேசப்பட்டது வேறில்லை. கல்லைத் தொடாத அன்பும் அன்புதான் என்று வருகிறவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கல்லறையின் முகப்பிலிருந்து 80 செ.மீ. முதல் 1 மீட்டர் தள்ளி, மக்கள் இயல்பாக நிற்கும் பக்கத்தில் (படி 4இல் எண்ணியது இதற்காகத்தான்) தாழ்வான கல் மேடையோ எஃகுத் தட்டோ வையுங்கள். பின்பக்கம் ஒளித்து வைத்தால் யாரும் பயன்படுத்தமாட்டார்கள். மெழுகுவர்த்திக்கு 15 செ.மீ. ஆழ மணல் தொட்டி. பூவுக்கு அடியில் துளையுள்ள குவளைகள், உறையைக் கழற்றிப் போட பக்கத்திலேயே ஒரு கூடை. முத்தமிடத்தான் வருகிறார்கள் என்றால், அதற்கும் ஒரு பரப்பு கொடுங்கள்: மெருகேற்றிய கருங்கல் பலகை அல்லது எனாமல் பூசிய தகடு, எழுத்தாளரின் பெயர் மட்டும் பொறித்து. துடைத்தால் போய்விடும். வைத்த முதல் வாரமே அதில் சில தடங்கள் இருக்கட்டும், பார்த்துச் செய்யும் மனம் இங்கே நமக்கு உதவும்.

கடிதத்துக்கு மழை புகாத பெட்டி. வாரம் ஒருமுறை எடுத்து, நனைந்தவற்றை மைஒற்றுத் தாளுக்கு இடையில் உலர்த்தி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வையுங்கள். என்ன ஆகும் என்று பெட்டியிலேயே எழுதிவையுங்கள்: எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யார் படிப்பார்கள், பிறகு என்ன செய்வீர்கள். இறந்தவருக்கு எழுதிய கடிதத்தில் மனிதர்கள் உயிரோடிருப்பவரிடம் சொல்லாததை எழுதுகிறார்கள். அதைப் படம் எடுத்துப் போடுவது துரோகம். வைல்ட் கல்லறையின் பின்பக்கத்தில் அவருடைய சிறைக் கவிதையிலிருந்து வரிகள் இருக்கின்றன, அவருக்காக அழுபவர்கள் ஒதுக்கப்பட்ட மனிதர்களாகவே இருப்பார்கள் என்ற பொருளில். தன் காதலுக்காக இரண்டு ஆண்டு கடுங்காவல் அனுபவித்தவரிடம் அதே காதலோடு ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தும் ஏற்பாடு எதுவும் அந்தக் கல்லுக்குப் பொருந்தாது.

படி 8: பலகையில் என்ன எழுதுவது

வைல்ட் கல்லறையில் சேதம் செய்யாதீர்கள் என்ற பலகை இருந்தது, அபராத எச்சரிக்கையும் இருந்தது. முத்தம் நிற்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் அபராதம் வெறும் எழுத்து. தடையோடு காரணத்தையும் மாற்று வழியையும் சொல்லும் பலகை பலன் தரும். மூன்று வாக்கியம் போதும்: "இந்தக் கல் எண்ணெயைக் குடிக்கும். லிப்ஸ்டிக்கை எடுக்கும்போது கல்லின் தோலும் போகிறது. உங்கள் முத்தத்தையும் கடிதத்தையும் இடப்பக்கப் பலகையில் வையுங்கள்." பக்கத்தில் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த நெருக்கப் படம் ஒன்று. பலகை கல்லுக்கு 2 அல்லது 3 மீட்டர் முன்பே, பாதையில், சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கல்லருகே வந்தவர் படிப்பதில்லை, பார்த்துக்கொண்டிருப்பார்.

படி 9: வேறு வழியில்லை என்றால் தடுப்பு

தாழ்வான வேலி போதுமா என்று முதலில் ஓர் ஆண்டு பாருங்கள். வளர்ந்தவரின் கை சுமார் 70 செ.மீ. எட்டும், சாய்ந்தால் இன்னும் கொஞ்சம். ஆகவே வேலிக்கும் கல்லுக்கும் 90 செ.மீ. இடைவெளி. நெருக்கமான கல்லறைத் தோட்டத்தில் அவ்வளவு இடம் இருக்காது, அப்போதுதான் கண்ணாடியின் பேச்சு வரும்.

கண்ணாடி கனமானது. ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. 20 மி.மீ. கனத்தில் 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலமுள்ள ஒரே பலகை 100 கிலோ. அதன் மேல் காற்றும், சாய்ந்து நிற்கும் கூட்டமும். கனத்தையும் அடித்தளத்தையும் கட்டுமானப் பொறியாளர் கணக்கிடட்டும், கடைக்காரர் அல்ல. உடைந்தாலும் சிதறாத லேமினேட் கண்ணாடிதான் வேண்டும். எந்தப் போல்ட்டும் நினைவுச்சின்னத்தின் கல்லுக்குள் போகக்கூடாது, நாளைக்கு எடுத்தால் தடமில்லாமல் போகவேண்டும். உலோகம் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு, சாதாரண இரும்பு மழையில் துருநீர் விடும்.

மேலே கூரை வேண்டாம். கீழே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இலை சேர்ந்து, ஈரம் நின்று, வடக்குப் பக்கம் பாசி பிடிக்கும். முத்தத்தைத் தடுத்து பாசியை வளர்த்த கதையாகிவிடும். துப்புரவாளர் உள்ளே போக ஒரு பலகை திறக்கவேண்டும், நடக்க 60 செ.மீ. வேண்டும். மேலே திறந்திருப்பதால் பூவும் காகிதமும் உள்ளே எறிவார்கள், வாரம் ஒருமுறை எடுத்தால் போதும்.

கண்ணாடியிலும் முத்தமிடுவார்கள். விடுங்கள், அதற்குத்தான் கண்ணாடி. துடைக்கும்போது முதலில் உலர்ந்த காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடியின் மேல் ஸ்ப்ரே அடித்தால் சாயம் கலந்து வழிந்து கீழே கல்லின் அடிக்குப் போகும். வெளிவிளிம்பில் ஒரு சிறு சரளை வாய்க்கால் இருந்தால் கழுவு நீர் அங்கேயே வடியும்.

படி 10: காலண்டர்

வாரம் ஒருமுறை காணிக்கை மேடையைக் காலி செய்தல், புதிய தடங்களை 48 மணி நேரத்துக்குள் எடுத்தல். மழைக்குப் பிறகு பூ உறைகளைப் பார்த்தல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம். ஆண்டுக்கு ஒருமுறை தூக்குக்குண்டு கட்டிக் கல் சாய்கிறதா என்று பார்த்தல், ஏனென்றால் மிதிபட்டு இறுகிய மண் ஒரு பக்கமாக அடித்தளத்தை இறக்கும். பாதைச் சரளையை அப்போதே நிரப்பிவிடலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வல்லுநரின் முழு ஆய்வு. பணத்தை ஒரே பெரிய சீரமைப்புக்கு மட்டும் சேர்க்காதீர்கள். வாராவாரம் வரும் துப்புரவாளருக்கும் படம் எடுப்பவருக்கும் ஆண்டுச் செலவாக ஒரு தொகை தனியே நிற்கவேண்டும். பெரிய நிதி திறப்பு விழாவுக்குக் கிடைத்துவிடும், வாளிக்கும் தூரிகைக்கும்தான் கிடைக்காது.

நினைவு நாளன்று காலை முதல் கதவு மூடும்வரை இருவர் நிற்கட்டும். அவர்கள் கையில் பூக்குவளையும், கடிதம் எழுதச் சிறு அட்டைகளும், பென்சிலும் இருக்கட்டும். மை கூடாது, மழையில் வழிந்து கல்லில் இறங்கும். கூட்டம் கலைந்த மறுநாள் காலை, வெயில் ஏறும் முன் பூக்களை எடுத்து, மகரந்தத்தை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மஞ்சள் உள்ளே இறங்கிவிடும்.